காற்று வருமுன் வீட்டைப் பார்: மேற்குக் கடல் சூறாவளிகள் சொல்லும் வரலாறு



நம் ஆலயம் எழுந்த கதையைப் பெரியவர்கள் இம்மலரின் பிற பக்கங்களில் எழுதியுள்ளனர். அடிக்கல், மணிக்கூண்டு, பீடம், தேர் ஆகிய அனைத்துக்கும் அங்கே இடம் உண்டு. ஆலயத்தைச் சுற்றி நிற்கும் நம் வீடுகளுக்கும் இம்மலரில் ஓர் இடம் வேண்டும் என்ற ஆவலினால் இக்கட்டுரையை எழுத முற்பட்டோம். கடற்கரையில் வாழும் நமக்கு வீடு என்றதும் அடுத்து நினைவுக்கு வருவது புயல்தானே!

செப்டம்பர் 8-ம் நாள் தேவதாயின் பிறந்த நாள். வேளாங்கண்ணியில் திருவிழா நிறைவுபெற்றுக் கொடி இறங்கும் நாள். புயலில் சிக்கிய போர்ச்சுக்கீசிய மாலுமிகள் அன்னையை வேண்டிக் கரை சேர்ந்த நாளும் அதுவே என்பது அத்திருத்தலத்தின் மரபு. அதே செப்டம்பர் 8-ம் நாளில், 1900-ம் ஆண்டு, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கால்வெஸ்டன் என்னும் தீவு நகரைச் சூறாவளி தாக்கியது. ஒரே இரவில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவர்களில் 10 கன்னியரும், அவர்கள் வளர்த்த 90 அநாதைக் குழந்தைகளும் அடங்குவர்.

அவர்கள் செபிக்கத் தவறியவர்கள் அல்லர். பின் ஏன் இவ்வளவு பெரிய அழிவு நேர்ந்தது? இக்கேள்விக்கு அந்நாட்டு மக்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தேடிக் கண்ட விடையே இக்கட்டுரையின் பொருள். அவ்விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: புயல் நாளில் வீட்டைக் காப்பாற்ற முடியாது, புயலுக்கு முந்திய அமைதியான மாதங்களில்தான் முடியும்.

பெயரும் பருவமும்

நம் பாட்டிமார் காலத்தில் வீட்டுக்கு வீடு தொங்கிய அரிக்கேன் விளக்கை நாம் அறிவோம். கண்ணாடிக் கூண்டுக்குள் சுடர் நிற்பதால் காற்றடித்தாலும் அது அணையாது. அந்த 'அரிக்கேன்' என்பதே 'ஹரிக்கேன்' எனும் ஆங்கிலச் சொல். ஆங்கிலேயர் அதை ஸ்பானியரிடமிருந்தும், ஸ்பானியர் அதைக் கரீபியன் தீவுகளின் ஆதிகுடிகளான தைனோ மக்களிடமிருந்தும் பெற்றனர். அட்லாண்டிக் கடலில் எழும் சுழற்காற்று மணிக்கு 119 கிலோமீட்டர் வேகத்தை எட்டினால் அதற்கு அப்பெயர். நம் வங்கக் கடலில் எழுந்தால் அதற்குச் 'சைக்ளோன்' என்று பெயர். அச்சொல் நம் நாட்டிலேயே பிறந்தது. கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பார் 1848-ல் மாலுமிகளுக்காக வெளியிட்ட நூலில், பாம்பு சுருண்டு கிடப்பதை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை ஆக்கித் தந்தார். பெயர்தான் இரண்டு; காற்று ஒன்றே. ஆகவே அவர்கள் பட்டறிவு நமக்கும் உதவும்.

அட்லாண்டிக் கடலில் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்டு நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை அதன் உக்கிரம் மிகுதி. எனவே விவரமறிந்த குடும்பத்தார் மே மாதத்திலேயே வீட்டைச் சுற்றி வந்து பார்த்துவிடுகின்றனர். வங்கக் கடலுக்கோ இரண்டு பருவங்கள்: ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்றொன்று. நம் கரையைப் பெரும்பாலும் பதம் பார்ப்பது இரண்டாவது பருவமே. அவர்களுக்கு மே என்றால் நமக்கு ஆவணியும் புரட்டாசியும்.

ஹவானா நகரின் குருவானவர்

சூறாவளி வருகிறது என்று நாள் குறித்து முன்கூட்டிச் சொன்ன முன்னோடிகளில் தலையாயவர் ஓர் இயேசு சபைக் குரு. ஸ்பெயின் நாட்டுக் கத்தலோனியாவில் 1837-ல் பிறந்த அருட்தந்தை பெனிட்டோ வீஞெஸ் அடிகளார், 1870-ல் கியூபாவின் தலைநகர் ஹவானாவில் பெலேன் கல்லூரி வானிலைக் கூடத்தின் பொறுப்பை ஏற்றார். விண்கோள்களோ, ரேடாரோ, வானொலியோ இல்லாத காலம் அது. அவரிடம் இருந்தவை காற்றழுத்தமானி, காற்றுத் திசை காட்டி, தந்திக் கம்பி, பொறுமை ஆகியவையே. உயரத்தில் இறகுபோல் விரியும் வெண்மேகங்கள் எப்புறத்திலிருந்து விசிறிபோல் பிரிகின்றன என்பதை நாள்தோறும் குறித்துவந்தார். புயல் பாழாக்கிய இடங்களுக்குச் சென்று மரங்கள் எத்திசை நோக்கி விழுந்துள்ளன என்பதையும் ஆராய்ந்தார்.

1875 செப்டம்பர் 11-ம் நாள் அவர் தந்த எச்சரிக்கையை ஹவானா நாளேடுகள் வெளியிட்டன. இரண்டு நாள் கழித்துச் சூறாவளி வந்தது. எச்சரிக்கையினால் பல உயிர்கள் தப்பின. 1893-ல் அவர் இறைவனடி சேரும்வரை கரீபியன் கடலில் செல்லும் கப்பல் தலைவர்கள் அவர் சொல்லுக்குக் காத்திருந்தனர்.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடிகளார் தந்த அவகாசம் இரண்டு நாள். இன்று விண்கோள்களின் துணையால் நமக்கு நான்கைந்து நாள் கிடைக்கிறது. அந்நாள்களில் கதவை அடைக்கலாம், படகை மேலேற்றலாம், பாத்திரங்களில் நீர் நிரப்பலாம். ஆனால் கரையான் தின்ற கைமரத்தை மாற்ற முடியுமா? தச்சரும் கொத்தரும் அந்த வாரத்தில் கிடைப்பார்களா? முன்னறிவிப்பு உயிரைக் காக்கும். வீட்டைக் காப்பது அதற்கும் முந்திய ஏற்பாடே.

கால்வெஸ்டன் இரவு

1900-ம் ஆண்டில் கால்வெஸ்டன் ஏறக்குறைய 37,000 மக்கள் வாழ்ந்த செல்வச் செழிப்புள்ள துறைமுகம். அது மணல் தீவு. நகரின் மிக உயர்ந்த இடமே கடல்மட்டத்துக்கு மேல் 9 அடிக்கும் குறைவு. அதே டெக்சாஸ் கரையில் இருந்த இந்தியனோலா என்னும் துறைமுகம் 1875-லும் 1886-லும் சூறாவளிகளால் சிதைந்து கைவிடப்பட்டது. அதைக் கண்டு கால்வெஸ்டனுக்கும் கடற்சுவர் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. பேச்சாகவே நின்றது. உள்ளூர் வானிலை அலுவலரான ஐசக் கிளைன், நகருக்குச் சூறாவளியால் பெருங்கேடு வரும் என்ற அச்சம் வீண் என்று 1891-ல் நாளேட்டில் எழுதினார். நகரின் பள்ளங்களை நிரப்புவதற்காகக் கரையோர மணல்மேடுகள்கூட வெட்டி எடுக்கப்பட்டன. மணல்மேல் வீடு கட்டியவனைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் நாம் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். இங்கே அந்த மணலையும் எடுத்துவிட்டனர்.

புயல் கியூபாவைக் கடந்தபோது, அது மேற்கே வளைகுடாவுக்குள் செல்லும் என்று ஹவானாவின் வானிலை வல்லுநர் கருதினர். வாஷிங்டன் அலுவலகமோ அது வடக்கே திரும்பி ஃபுளோரிடா பக்கம் போகும் என்று கணித்தது. வாஷிங்டனின் கணிப்பே நின்றது. செப்டம்பர் 8 சனிக்கிழமை காலை கடல் தெருக்களில் ஏறியபோது சிறுவர்கள் அதில் ஆடிக் களித்தனர் என்பர். மாலைக்குள் 15 அடிக்கும் மேலாக நீர் எழுந்து தீவு முழுவதையும் மூடியது. 3,600 வீடுகள் இருந்த இடம் தெரியாமல் போயின.

நகருக்கு மேற்கே கடலோரத்தில் புனித மரியன்னை அநாதை இல்லம் இருந்தது. அதை நடத்தியவர்கள் மனுவுருவான வார்த்தையின் பிறரன்புச் சகோதரிகள் சபைக் கன்னியர். இரண்டு மாடிக் கட்டடங்கள். முன்னே மணல்மேடுகளும் அவற்றைப் பிடித்து நின்ற செடிமரங்களும். அன்று அலைகள் அம்மேடுகளை மாவைப்போல் கரைத்தன. இரண்டு கட்டடங்களில் புதியதும் வலியதுமான சிறுமியர் விடுதிக்குள் கன்னியர் எல்லாக் குழந்தைகளையும் சேர்த்தனர். கடலின் அரசியாகிய அன்னையைப் போற்றும் பாடலைப் பாடச் செய்து பயம் போக்கினர். துணி காயப்போடும் கயிற்றைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு கன்னியரும் ஆறு முதல் எட்டுக் குழந்தைகள் வரை தம் இடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டனர். கூரை சரிந்தது. 93 குழந்தைகளில் மூன்று சிறுவர் மட்டும் ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு மிதந்து பிழைத்தனர். பின்னர் மணலில் ஒரு குழந்தையின் உடலை எடுக்க முயன்றவர்கள், கயிற்றோடு கயிறாக மற்றக் குழந்தைகளையும் இறுதியில் கன்னியரையும் கண்டனர். அச்சபையினர் இன்றும் ஆண்டுதோறும் செப்டம்பர் 8-ல் அப்பாடலைப் பாடி அவர்களை நினைவுகூர்கின்றனர்.

அக்கன்னியரின் அன்பில் யாரும் குறை காண இயலாது. ஆயினும் அந்தப் பகலில் அவர்கள் கைக்கு எட்டியது ஒரு துணிக்கயிறு மட்டுமே. கடற்சுவரும், உயர்ந்த தளமும், பெயராத கூரையும் ஒரு பகலில் கிடைப்பன அல்ல. அவற்றை முந்திய ஆண்டுகளில் ஊர் செய்திருக்க வேண்டும்.

ஐசக் கிளைனின் வீட்டுக் கதையும் எண்ணத்தக்கது. அவர் தம் வீட்டைப் புயல் தாங்கும்படி உறுதியாகக் கட்டியிருந்தார். அதை நம்பி அக்கம்பக்கத்தார் ஏறத்தாழ 50 பேர் அங்கே அடைக்கலம் புகுந்தனர். வீடு காற்றைத் தாங்கியது. வெள்ளத்தையும் சிறிது நேரம் தாங்கியது. ஆனால் பெயர்ந்து மிதந்துவந்த டிராம் வண்டிப் பாதையின் நீண்ட மரச்சட்டம் அலையோடு வந்து சுவரில் முட்டியது. வீடு கவிழ்ந்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர், கிளைனின் மனைவியார் உட்பட, மாண்டனர். ஊரில் சரியாகக் கட்டப்படாத பொருள் ஒன்று இருந்தாலும், அது சரியாகக் கட்டிய வீட்டை இடிக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

உயர்த்தப்பட்ட நகரம்

எஞ்சியவர்கள் ஊரைவிட்டு ஓடவில்லை. 1902-ல் தொடங்கி 1904-க்குள் 17 அடி உயரமும் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளமும் உள்ள கடற்சுவரை எழுப்பினர். அடுத்து, நகரையே உயர்த்தினர். 2,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களைத் திருகு ஜாக்கிகளால் தூக்கி நிறுத்தி, கடலடி மணலை நீரோடு குழாய் வழியாகப் பாய்ச்சி அவற்றின் கீழே நிரப்பினர். இப்பணி 1911 வரை நடந்தது. மக்கள் பல ஆண்டுகள் பலகைப் பாலங்களின்மேல் நடந்து கடைக்கும் கோவிலுக்கும் சென்றனர். 3,000 டன் எடையுள்ள புனித பத்திரிசியார் ஆலயம் 5 அடி உயர்த்தப்பட்டபோதும் அதனுள் வழிபாடு நிற்கவில்லை.

1915 ஆகஸ்டில் மீண்டும் ஒரு கடும் சூறாவளி அந்நகரைத் தாக்கியது. சுவருக்கு உள்ளே இருந்தவர்களில் மிகச் சிலரே இறந்தனர். காற்று மாறவில்லை; ஊர் மாறியிருந்தது.

புனிதர் பெயர் தாங்கிய புயல்கள்

ஸ்பானியர் ஆண்ட தீவுகளில், புயல் தாக்கிய நாள் எப்புனிதரின் திருநாளோ அப்பெயரையே அப்புயலுக்கு இட்டனர். 1899 ஆகஸ்டு 8-ம் நாள் புவேர்த்தோ ரிக்கோவைச் சூறையாடியது 'சான் சிரியாக்கோ'. அதில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1928 செப்டம்பர் 13-ல் அதே தீவை அதைவிடக் கொடிய காற்றுடன் தாக்கியது 'சான் ஃபெலிப்பே'. இறந்தோர் ஏறத்தாழ 300 பேர். பத்தில் ஒரு பங்கு! இடைப்பட்ட காலத்தில் வானொலியும் தந்தியும் எச்சரிக்கையைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றன. மக்களும் ஒதுங்க இடம் வைத்திருந்தனர். மலைநாட்டு உழவர்கள் 'தொர்மெந்தேரா' என்னும் புயல் குடிலைத் தம் வீட்டருகே கட்டிவைப்பது வழக்கம். அதற்குச் சுவர் கிடையாது. கூரையின் இரு சாய்வும் தரையைத் தொடும். பிடித்துத் தூக்கக் காற்றுக்கு விளிம்பே கிடைக்காது. ஏழை உழவனின் அந்த அறிவை இன்றைய பொறியாளரும் வியக்கின்றனர்.

1928-ன் அதே புயல் முந்திய நாள் குவாதலூப் தீவைத் தாக்கியது. அத்தீவில் நம் இரத்த உறவுகள் உண்டு என்பதைப் பலர் அறியார். 1854 முதல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழரைக் கரும்புத் தோட்டக் கூலிகளாக அங்கே கொண்டுசென்றனர். அவர்தம் வழித்தோன்றல்களும் அந்தச் சூறாவளிக்கு ஆளாயினர்.

வீடுகளைக் கூர்ந்து பார்த்த ஆண்டு

நல்ல சட்டம் இருந்தால் போதுமா? போதாது என்று காட்டியது 1992. அவ்வாண்டு ஆகஸ்டு 24-ம் நாள் 'ஆண்ட்ரூ' என்ற சூறாவளி ஃபுளோரிடாவின் தென்முனையைத் தாக்கியது. 25,000-க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன; சுமார் ஒரு லட்சம் வீடுகள் சேதமுற்றன. அந்நாட்டிலேயே கடுமையானது எனப் பெயர்பெற்ற கட்டடச் சட்டம் இருந்த பகுதி அது! பொறியாளர்கள் வீடு வீடாகச் சென்று ஆராய்ந்தனர். பழைய வீடுகள் பல நிற்க, புதிய வீடுகள் பல சிதறியிருந்தன. கூரைப் பலகைகளை ஆணிக்குப் பதில் கம்பிக் கொக்கிகளால் அவசரமாக அடித்திருந்தனர். அவற்றுள் பல கைமரத்தில் பதியாமல் வெறும் பலகையில் மட்டும் நின்றன. கூரையின் இருமுனை முக்கோணச் சுவர்கள் பின்னே தாங்கல் இன்றி உள்வாங்கின. கார் நிறுத்தும் கொட்டகையின் அகலக் கதவு முதலில் உடைந்தது. அதன் வழியே புகுந்த காற்று உள்ளிருந்து கூரையைத் தள்ளியது. சட்டம் எழுதியவர் ஒருவர், கட்டியவர் ஒருவர், பார்க்க வேண்டியவர் பாராது விட்டார். அதன்பின் 1994-ல் அங்கே விதிகள் இறுக்கப்பட்டன. 2002-ல் மாநிலம் முழுமைக்கும் ஒரே கட்டடச் சட்டம் வந்தது.

காற்று எவ்வாறு வீட்டைப் பெயர்க்கிறது என்பதை இங்கே சுருக்கமாகச் சொல்வோம். காற்று வீட்டைத் தள்ளுவதோடு நிற்பதில்லை. கூரைமேல் விரைந்து ஓடும்போது அதை மேல்நோக்கி இழுக்கவும் செய்கிறது. கதவோ ஜன்னலோ உடைந்தால் உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் தள்ளுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் தாக்கும் விசை நான்கு மடங்காகும். எனவே சுவரின் கனத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. கூரை சுவரோடு எப்படிப் பிணைந்திருக்கிறது, கதவு நிலையோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதையே பார்க்க வேண்டும்.

நம் வீட்டைச் சுற்றி ஒரு வலம்

இவ்வரலாற்றிலிருந்து நாம் செய்ய வேண்டியவற்றைத் தொகுத்துத் தருகிறோம். ஒரு ஞாயிறு மாலை போதும். கையில் டார்ச் விளக்கும், கோணி ஊசியும், காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு புறப்படுவோம்.

முதலில் கூரை. ஓட்டு வீடானால் முகட்டு ஓடுகளும் ஓர ஓடுகளும் சாந்தில் உறுதியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். காற்று முதலில் பிடிப்பது ஓரத்தையே. உள்ளிருந்து கைமர முனைகளில் கோணி ஊசியைக் குத்திப் பார்த்தால் கரையானும் உளுப்பும் தெரிந்துவிடும். கைமரம் சுவர்மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கிறதா, கட்டப்பட்டிருக்கிறதா? மேலிருந்து அடித்த ஆணியைக் காற்று மேல்நோக்கியே பிடுங்கிவிடும். கைமரத்தைச் சுற்றி வளைத்துச் சுவரோடு இறுக்கிய இரும்புப் பட்டையில் ஆணிகள் குறுக்கே நிற்பதால் எளிதில் பிடுங்கி வராது. அமெரிக்கத் தச்சர்கள் இன்று விடாமல் செய்வது இதையே, செலவும் அதிகமில்லை. தகட்டுக் கூரையானால் போல்ட்டுகள் துருப்பிடித்துள்ளனவா, வாஷர்கள் உள்ளனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கூரையின்மேல் மணல் மூட்டையும் பழைய டயரும் வைப்பது நம் வழக்கம். அவை கட்டப்படாவிட்டால் புயல் நாளில் தாமே பறந்து பிறரைத் தாக்கும்.

அடுத்துக் கதவும் ஜன்னலும். கீல்களின் திருகாணிகள் ஆடுகின்றனவா? தாழ்ப்பாள் மேலும் கீழும் உண்டா? மரக்கதவில்லாத கண்ணாடி ஜன்னலுக்கு ஒட்டுப்பலகையை இப்போதே அளந்து அறுத்து, துளையிட்டு, எந்த ஜன்னலுக்கு எந்தப் பலகை என்று எழுதி வைத்துவிட வேண்டும். கண்ணாடியின்மேல் பெருக்கல் குறிபோல் காகித நாடா ஒட்டுவதால் பயனில்லை என்று அமெரிக்க வானிலைத் துறையினர் திரும்பத் திரும்பச் சொல்கின்றனர். காற்றழுத்தம் சமமாகட்டும் என்று ஒரு ஜன்னலைத் திறந்து வைப்பதும் தவறான பழக்கம். திறந்த ஜன்னல் கூரைக்கு எதிரி.

மாடி வீடுகளுக்கும் கவலை உண்டு. மொட்டை மாடியின் நீர்வழிகள் இலைதழை அடைத்துக் கிடந்தால் மாடி குளமாகும். காலியான பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி காற்றில் பறக்கும். நிரப்பிய தொட்டி நிற்கும். தட்டு ஆன்டெனா, பூந்தொட்டி, மாடியில் குவித்த பழம்பலகை அனைத்தையும் பருவம் தொடங்குமுன் இறுக்கவோ இறக்கவோ வேண்டும்.

பிறகு மரங்கள். வீட்டின்மேல் சாய்ந்த கிளை, பட்ட மரம், முற்றிய தேங்காய்க் குலை ஆகியவற்றை நேரத்தோடு வெட்டுதல் நன்று. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த 'கஜா' புயல் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்ததை நாம் மறக்கவில்லை.

இறுதியாக, புயலுக்குப் பிந்திய நாள்கள். 2017 செப்டம்பரில் 'மரியா' என்ற சூறாவளி புவேர்த்தோ ரிக்கோவைத் தாக்கியபின், அடுத்த மாதங்களில் ஏற்பட்ட கூடுதல் மரணங்கள் 2,975 என்று அரசு ஏற்றுக்கொண்டது. மின்சாரமும் மருந்தும் மருத்துவமும் கிடைக்காமல் போனதே இவற்றுள் பலவற்றுக்குக் காரணம். ஆகவே முதியோருக்கு வேண்டிய மாத்திரைகள், ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் சில நாள்களுக்குக் குடிநீர், உலர்ந்த உணவு, விளக்கு ஆகியவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும். பட்டா, குடும்ப அட்டை, ஞானஸ்நானச் சான்று, திருமணச் சான்று முதலியவற்றை நீர் புகாத உறையில் இட வேண்டும்.

எவ்வளவு செய்தாலும் ஒன்றை மறத்தலாகாது. உறுதியான வீடு காற்றைத் தாங்கும். கடல் ஏறி வரும்போது தாழ்நிலத்து வீடு எதுவும் காவலாகாது. கால்வெஸ்டனில் கொன்றது பெரும்பாலும் நீரே. வெளியேறுங்கள் என்று அதிகாரிகள் சொன்னால், பூட்டிவிட்டு வெளியேற வேண்டும். நடுவே காற்று திடீரென நின்றால் புயல் போய்விட்டது என்று வெளியே வருதலும் கூடாது. அது புயலின் கண். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்பும்.

நம் கரை, நம் கடமை

இவை தூரதேசத்துக் கதைகள் என்று ஒதுக்க நமக்கு உரிமை இல்லை. 1964 டிசம்பர் 22-ம் நாள் இரவில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளோடு ஒரு ரயில் வண்டியே கடலில் மூழ்கியது. கூரையற்று நிற்கும் அவ்வூர்க் கோவிலின் சுவர்களை இன்றும் காணலாம். 1977 நவம்பரில் நாகைக் கரையிலும், 1978 நவம்பரில் மட்டக்களப்பிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் நாம் தெருவில் நின்று, "அந்த ஓட்டை முன்பே மாற்றியிருக்கலாமே, அந்தக் கிளையை வெட்டியிருக்கலாமே" என்று பேசுகிறோம். வெயில் அடித்ததும் மறக்கிறோம். இக்குறை எம்மிடமும் உண்டு என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறோம்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் மறைமாவட்டத்து ஆலயங்களில் சூறாவளிப் பருவத்தில் விரைந்து உதவும் அன்னையை நோக்கி மக்கள் பூசையில் மன்றாடுகின்றனர். வர்ஜின் தீவுகளிலோ பருவம் உச்சம் பெறுமுன் ஜூலையில் ஒரு மன்றாட்டு நாளும், அது தணிந்தபின் அக்டோபரில் ஒரு நன்றி நாளும் கொண்டாடும் பழைய வழக்கம் உண்டு. நம் பங்கும் இந்த விழா ஆண்டிலிருந்து இத்தகைய வழக்கம் ஒன்றைத் தொடங்கலாம் என்பது எம் தாழ்மையான கருத்து. புரட்டாசி மாதத்து ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும், ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டைச் சுற்றி வரட்டும். தச்சு வேலையும் கொத்து வேலையும் அறிந்த நம் சகோதரர்கள் இளைஞரோடு சேர்ந்து, கைம்பெண்கள் வீட்டுக்கும், தனித்து வாழும் முதியோர் வீட்டுக்கும் முதலில் செல்லட்டும். ஏணியில் ஏற இயலாத பாட்டியின் ஓட்டைச் சரிசெய்வதும், இரும்புப் பட்டை வாங்க வசதியற்றவருக்கு வாங்கித் தருவதும் பிறரன்புப் பணி அன்றோ? தவிர, அவர்கள் வீட்டுத் தகடு பறந்தால் அது விழப்போவது நம் வீட்டின்மேல்தானே.

நம் முன்னோர் பனையும் கல்லும் சுமந்து இவ்வாலயத்தை எழுப்பினர். ஆண்டுதோறும் வெள்ளையடித்து, கூரை பார்த்து, விரிசல் அடைத்து அதைக் காத்தமையால்தான் இன்று நாம் விழா எடுக்கிறோம். அதே கண்ணோடு நம் வீடுகளையும் பார்ப்போம். புயலை அடக்கிய ஆண்டவரை மன்றாடுவோம்; மன்றாடிய கையில் சுத்தியலையும் எடுப்போம். அடுத்த விழா மலரை நம் பிள்ளைகள் எழுதும் நாளில், இப்பங்கில் புயலுக்கு ஓர் உயிரையும் இழக்கவில்லை என்று அவர்கள் எழுதும்படி இறைவன் அருள்புரிவாராக!